பாகம் பிரிக்கத் தெரியாத கோழிகள்

சென்ற ஆண்டு ஆவணி மாதம் நடந்த சம்பவம் இது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இலுப்பூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. புது வீடு கட்டிப் பால் காய்ச்சிக் குடி வந்திருந்தோம். குடி வந்தோம் என்று பன்மையில் சொல்கிறேனே தவிர, வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான். கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். பால் காய்ச்சுவதற்கு வந்தவர் ஐந்தாம் நாளே விமானம் ஏறிவிட்டார். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பெயிண்ட் வாசனை போகாத அந்த வீட்டில் எனக்குத் துணை என்றால் பத்து நாட்டுக்கோழிகள்தான். ஒன்பது பெட்டை, ஒரு சேவல்.

அந்தக் கோழிகளால் நான் செய்ய இருந்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. செய்யாமல் தப்பித்தேன். எப்படித் தப்பித்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் குடும்பக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாமனார் காலமான பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பழைய ஓட்டு வீடும் மாட்டுக் கொட்டகையும் கொழுந்தனாருக்கு. கிழக்கே இருந்த காலி இடம் எங்களுக்கு. கொழுந்தனார் இலுப்பூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பரம சாது. அண்ணன் தம்பிக்குள் ஒரு மனக்கசப்பும் இல்லை. கசப்பெல்லாம் எனக்கும் கொழுந்தனார் மனைவிக்கும்தான். வீட்டில் என்னைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் சொல்வார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பதினாறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள். பாத்திரம் பிரிக்கிற அன்றைக்கு ஒரு பித்தளை அண்டாவில் வந்து முட்டிக்கொண்டோம். "அது என்ன, நீ கொண்டாந்த சீரா?" என்று நான் கேட்டுவிட்டேன். "நீங்க மட்டும் கொண்டாந்தீங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவ்வளவுதான். மாமியார் காலத்து அண்டா அது, இருவருமே கொண்டு வரவில்லை. ஆனாலும் அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. புது வீடு கட்டி முடிகிற வரைக்கும் நாலு மாதம் ஒரே கூரைக்கடியில், தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டு, பேசாமலே இருந்தோம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. அவளோ பேசாதே என்றால் பேசாமலே இருந்துவிடக்கூடிய அழுத்தக்காரி.

கோழிகள் என் கையால் வளர்ந்தவை. பாகப்பிரிவினையில் அவற்றைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பழைய வீட்டு மாட்டுக் கொட்டகைதான் அவற்றுக்குத் தங்குமிடம். புது வீட்டுக்கு வந்ததும் இலுப்பூர் வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கூடு ஒன்று செய்யச் சொன்னேன். நாலு பக்கமும் கம்பி வலை, மேலே தகரம், தாழ்ப்பாள் போட்ட கதவு, எல்லாவற்றுக்கும் பச்சைப் பெயிண்ட். கொண்டு வந்து இறக்கியபோது தெருவே நின்று பார்த்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. உள்ளே வைக்கோல் பரப்பி, தண்ணீருக்குச் சட்டி வைத்து, கதவில் மஞ்சள் குங்குமம்கூட வைத்தேன்.

கணவர் வீடியோ காலில் கூட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னார். "நல்ல நேரம் பாத்து உள்ள விடு. விட்டுட்டு எனக்குக் காட்டு" என்றார். காலண்டரைப் பார்த்தேன். காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம். தீனி தின்ன வந்த கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அந்த நேரத்துக்குள் உள்ளே அடைத்தேன். அவை கம்பி வலையில் மோதிக்கொண்டு கத்திய கத்தலைக் கேட்டு, "முத நாளும் அதுவுமா இப்பிடிக் கதற விடாத, தொறந்து விடு" என்று அவரே சொன்னார். எனக்கும் அது அபசகுனமாகப் பட்டது. மத்தியானத்துக்குள் கதவைத் திறந்து விட்டுவிட்டேன்.

கோழி வளர்க்கிறவர்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். சந்தையில் கோழி வாங்கி வந்தால் நாலைந்து நாள் அடைத்தே வைத்திருந்து, இடம் பழகிய பிறகுதான் வெளியே விட வேண்டும் என்பது எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இவை சந்தையில் வாங்கியவை இல்லையே, என் கோழிகள்தானே, என்னைத் தெரியுமே என்று நினைத்துவிட்டேன். என்னைத் தெரியும், சரி. அந்தக் கூட்டைத் தெரிய வேண்டாமா? அது என் புத்திக்கு எட்டவில்லை.

அன்று சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் செவலைப் பெட்டை முதலில் கிளம்பியது. அதுதான் கூட்டத்துக்குத் தலைவி. பச்சைக் கூட்டைத் திரும்பியும் பார்க்காமல் கத்தரிச் செடிகளுக்கு ஊடே நடந்து, எல்லைக் கல்லைத் தாண்டி, பழைய வீட்டைப் பார்த்துப் போனது. அதன் பின்னால் மற்றவை வரிசையாக, ஆபீஸ் விட்டு பஸ் பிடிக்கப் போகிறவர்களைப் போல. நான் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, "பா... பா... பா..." என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். ஒன்றுகூட நிற்கவில்லை. பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக் கொல்லையில் நான் எப்படிக் கால் வைப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பத்தும் ஒழுங்காக என் வாசலுக்கு வந்து நின்றன. கம்பும் நொய்யும் தின்றன. பகலில் என் வாசலிலும் அக்கம்பக்கத்திலும் மேய்ந்தன. பொழுது சாய்ந்தால் மறுபடியும் வரிசை கட்டிவிட்டன. தினமும் இதே கதை. கோழிகள் போனதும் வீடு அப்படியே வெறிச்சென்று ஆகிவிடும். டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுவேன். எனக்குள்ளே ஆத்திரம் ஊறிக்கொண்டே இருந்தது. கோழிக்கு இவ்வளவு நன்றி கெட்டத்தனம் கிடையாது, யாரோ இழுக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. யாரோ என்ன யாரோ. அங்கே இருப்பது அவள்தானே!

என் சந்தேகத்துக்கு ஒரு ஆதாரமும் கிடைத்தது. நாலு மணிக்குக் குழாயடியில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து கூட்டைத் திறந்தால், வைக்கோல் மேல் மூன்று முட்டை, நாலு முட்டை கிடக்கும். தினமும் கிடக்கும். கூட்டுக்குள் வந்து முட்டை இடுகிற கோழிக்கு அதே கூட்டுக்குள் படுக்க மட்டும் ஏன் கசக்கிறது? கூடு பிடித்துத்தான் இருக்கிறது, சாயங்காலம் அவள் அரிசியை இறைத்துக் கூப்பிடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். முன்பெல்லாம் நாலு மணிக்கு அவளும் குழாயடிக்கு வருவாள். இப்போது நான் போகிற நேரத்தில் வருவதில்லை. மனசில் கள்ளம் இருக்கிறவள் எப்படி முகம் பார்ப்பாள் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு சின்ன விஷயம். அந்த முட்டைகளில் சாம்பல் ஒட்டியிருந்தது. கூட்டுக்குள் நான் போட்டிருந்தது வைக்கோல். சாம்பல் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் முந்தானையில் துடைத்துத் துடைத்து அடுக்கி வைத்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில் ஒன்பது கோழிகள்தான் வந்தன. கறுப்புப் பெட்டையைக் காணவில்லை. அடையாளத்துக்கு அதன் காலில் நீலத் துணிக் கிழிசல் ஒன்று கட்டியிருப்பேன். பத்திலும் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான், சோறு உருட்டிப் போட்டால் கையிலிருந்தே கொத்தித் தின்னும். மத்தியானம் வரை தேடினேன். அன்றைக்குப் பார்த்துப் பழைய வீட்டு வாசலில் ஒரு கார் நின்றது. சின்னவளின் அண்ணன் குடும்பம் காரைக்குடியிலிருந்து வந்திருந்தது. சித்தன்னவாசல் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள் போல. ஒரு மணி வாக்கில் மசாலா அரைத்து ஊற்றிய கோழிக்குழம்பு வாசனை கத்தரிச் செடிகளைத் தாண்டி என் அடுப்படி வரைக்கும் வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆடு மேய்க்கப் போகிற சாக்கில் அவர்கள் குப்பைக்குழி ஓரமாக நடந்து பார்த்தேன். எனக்கு ஆடே கிடையாது என்பது வேறு விஷயம். குழிக்குள் கறுப்பு இறகுகள் கிடந்தன. கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கோழிக்காக அழுதேனா, பதினாறு வருடம் கூட இருந்தவள் இப்படிச் செய்துவிட்டாளே என்று அழுதேனா, தெரியவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் அழுகை வற்றிவிட்டது, ஆத்திரம் மட்டும் மிஞ்சியது.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. என் கணவர், கொழுந்தனார், இரண்டு நாத்தனார்கள், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் அதில் இருக்கிறார்கள். சின்னவள் கோழிகளை அரிசி போட்டு அழைப்பதை வீடியோ எடுத்து அதில் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். கறுப்புக்கோழி கதையையும் கீழே எழுதிவிடலாம். எல்லோரும் பார்க்கட்டும், அவள் யோக்கியதை தெரியட்டும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்டாட்டியைத் திருடி என்று ஊரறியச் சொன்ன வீட்டோடு கொழுந்தனார் உறவு வைத்துக்கொள்ள மாட்டார். தினமும் ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டியாண்ணே?" என்று கேட்கிற மனுஷன் அவர். அந்தப் போன் நின்றுவிடும். தெரிந்தேதான் துணிந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லைக் கல்லை ஒட்டி இருக்கிற எங்கள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் பழைய வீட்டுக் கொல்லையும் மாட்டுக் கொட்டகையும் நன்றாகத் தெரியும். கோழிகள் வழக்கம்போல வரிசையாக என்னைக் கடந்து போயின. போனில் வீடியோவை ஓடவிட்டுக் கையை நீட்டிப் பிடித்தேன். வைக்கோல் கழுத்தில் குத்தியது, கொசு கடித்தது. ஐந்து நிமிடம் யாரையும் காணோம். பிறகு சின்னவள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் முறம்.

முறத்தைப் பார்த்ததும் அதில் அரிசிதான் என்று முடிவு கட்டினேன். போனைப் பக்கத்தில் இழுத்து மெல்லிய குரலில் சொன்னேன்: "பாருங்க, எல்லாரும் நல்லாப் பாருங்க. கோழிக் கள்ளி வர்றா."

அவள் கோழிகளுக்கு நடுவே போனாள். முறத்தை ஓங்கினாள். அதில் ஒரு மணி தானியம் இல்லை. வெறும் முறத்தால் காற்றில் பட் பட் என்று வீசிக் கோழிகளை விரட்ட ஆரம்பித்தாள். கொட்டகையைச் சுற்றி அவை ஓட, அவள் துரத்த, செவலைப் பெட்டை முருங்கை மரத்தைச் சுற்றிப் போக்குக் காட்ட, மூச்சு வாங்க நின்று அவள் பேசியது எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது.

"போங்கடி! அங்கிட்டு ஒங்களுக்குப் பச்சைப் பெயிண்டு அடிச்சு பங்களா கட்டி வச்சிருக்காங்க. இங்கிட்டு என்னத்தைக் கண்டுட்டீங்க? அக்காட்ட எனக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கவா? ஒருத்தியக் கீரிக்குப் பறிகுடுத்துட்டு அதையே எப்பிடிப் போய்ச் சொல்றதுன்னு தெரியாம நிக்கிறேன். போங்கடி..."

முறத்தைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போனைப் பிடித்த கையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

அப்போது பார்த்துப் போன் அலறியது. வெள்ளிக்கிழமை கத்தாரில் விடுமுறை. கணவர் வீடியோ காலில் கூப்பிடுகிறார். பதறிப் போய் அமுக்கி அணைப்பதற்குள் ஊருக்கே கேட்டுவிட்டது.

"யாரு அங்கிட்டு?" என்று கேட்டாள் சின்னவள்.

வேறு வழியில்லை. எழுந்து வெளியே வந்தேன். தலையெல்லாம் வைக்கோல். "நான்தான்" என்றேன். நாலு மாதத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

அவள் என்னையும் பார்த்தாள், என் கையில் இருந்த போனையும் பார்த்தாள். எதற்கு ஒளிந்திருந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன்.

"கோழி தேடி வந்தீங்களாக்கா?" என்றாள்.

"ஆமா."

"நானும் தெனம் வெரட்டித்தான் பாக்குறேன், போக மாட்டேங்குது. இருட்டுனப்பறம் வெரட்டுனா நாய் நரி புடிச்சிருமேன்னு விட்டுர்றேன். சத்தியமா நான் ஒரு மணி அரிசி போடலக்கா."

"நான் கேக்கலயே" என்றேன். கேட்கவில்லைதான். அதைவிட மோசமானதை அல்லவா கைக்குள் வைத்திருந்தேன்.

அவள் கொட்டகைக்குள் போய்க் கூரைச் செருகலில் இருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். பிரித்தேன். உள்ளே நீலத் துணிக் கிழிசல். புதன்கிழமை விடியக் காலையில் கோழிச் சத்தம் கேட்டு எழுந்து ஓடியிருக்கிறாள். கீரி கழுத்தைக் கவ்வியிருந்ததாம். விறகை எடுத்து வீசி விரட்டியும் பிழைக்கவில்லை. செத்த கோழியைத் தூக்கிக்கொண்டு எல்லைக் கல் வரைக்கும் வந்து நின்றிருக்கிறாள். என் வீட்டில் லைட் எரிந்தது, என்னைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. திரும்பிப் போய் முருங்கை மரத்தடியில் புதைத்து, சிதறிக் கிடந்த இறகுகளைக் கூட்டிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு, காலில் இருந்த துணியை மட்டும் அவிழ்த்து வைத்திருக்கிறாள்.

"அன்னைக்குன்னு பாத்து அண்ணன் வந்துருச்சு. இவங்க இலுப்பூர்ல பிராய்லர் வாங்கிட்டு வந்தாங்க. கொழம்பு கொதிக்கிறப்பவே நெனைச்சேன், அக்கா என்ன நெனைக்கப் போறாங்களோன்னு. நாங்க யாரும் சரியாத் திங்கலக்கா" என்றாள்.

எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் விளங்கவில்லை. "அப்ப முட்டை? கூட்டுக்குள்ளதானே கெடக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க கொழாயடிக்குப் போற நேரமாப் பாத்துக் கொண்டாந்து வச்சுட்டு வந்துருவேன். எல்லாம் இங்கதான் சாம்பப் பெட்டியில வந்து இட்டுட்டுப் போகுது. ஒங்க முட்டைய நான் எப்பிடிக்கா எடுக்கிறது?"

வெட்கமாக இருந்தது என்று சொன்னால் போதாது. ஆதாரம் ஆதாரம் என்று நான் அடுக்கி வைத்த அத்தனை முட்டையும் அவள் கொண்டு வந்து வைத்தது. யாராவது என்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது. அப்படியே எல்லைக் கல் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் கறுப்புக்கோழிக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "விடுங்கக்கா, குஞ்சு வாங்கிக்கலாம்" என்று தோளைத் தொட்டாள். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கொஞ்சம் அடங்கியதும் கோழிகள் பக்கம் பேச்சு திரும்பியது. கொட்டகையில் இரண்டு கல்தூணுக்குக் குறுக்கே போட்டிருந்த பழைய கருவேலங்கம்பில் ஒன்பதும் வரிசையாக ஏறி உட்கார்ந்துவிட்டன. அவள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒங்க கூட்டுக்குள்ள உக்காரக் கம்பு வச்சீங்களா?"

"குறுக்க இரும்புக் கம்பி இருக்கே. வெல்டிங் பண்ணுனது."

"அந்தக் கம்பியில ராத்திரி பூரா நீங்க உக்காருவீங்களா?"

நாலு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து சிரித்தோம். வலை, தகரம், தாழ்ப்பாள், பெயிண்ட் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள், கோழி கால் மடக்கி உட்காருவதற்கு ஒரு கட்டை வைக்க வேண்டும் என்பதை மறந்திருக்கிறேன். ஈர்க்குச்சி போல இருந்த அந்தக் கம்பியில் குருவிதான் உட்காரும். நல்ல நேரம் பார்க்கத் தெரிந்தது எனக்கு, கோழிக்குத் தூங்குகிற நேரம் எது என்று பார்க்கத் தெரியவில்லை.

அன்றைக்கே மாற்றிவிடுவது என்று முடிவானது. கருவேலங்கம்பை அவிழ்த்தால் கோழிகள் எங்கே போகும்? அதனால் முதலில் கோழிகள். பொழுது நன்றாக இறங்கட்டும் என்று காத்திருந்தோம். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, தூக்கினால் திமிறாது. ஆளுக்கு இரண்டாக முந்தானையில் சுற்றி அணைத்துக்கொண்டு கத்தரிச் செடிகளுக்கு ஊடே நடந்தோம். சேவல் மட்டும் என் முழங்கையில் ஒரு கொத்துக் கொத்தியது. வாங்கிக்கொண்டேன், எனக்கு வேண்டியதுதான். இரண்டாம் நடையில் மறுபடியும் போன் அடித்தது. எடுத்தேன்.

"என்ன, அப்பதையே கட் பண்ணிட்ட? என்ன பண்ற?" என்றார் கணவர்.

"கோழி புடிச்சுக்கிட்டு இருக்கோம்."

"இருக்கோமா? யாரு கூட?"

போனைச் சின்னவள் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். அவள் இடுப்பில் ஒரு கோழி, கக்கத்தில் ஒரு கோழி. "நல்லாருக்கீங்களா மாமா?" என்றாள். "சரி சரி, வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. மறுநாள் அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கடைசியாகக் கருவேலங்கம்பையும் சாம்பல் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தோம். "கொட்டகைச் சாமானு ஒங்க பங்குத்தா" என்றேன். "கம்பு என்ன, அண்டாவா? எடுத்துட்டு வாங்க" என்றாள். கம்பைக் கூட்டுக்குள் குறுக்காக வைத்துக் கயிற்றால் கட்டினோம். காற்றில் தடதடத்த தகரத்துக்கு மேல் சாக்கை விரித்துச் செங்கல் வைத்தோம். கோழிகளைத் தூக்கி ஒவ்வொன்றாக அந்தக் கம்பின் மேல் உட்கார்த்தினோம். பழகிய கம்பு காலுக்குத் தட்டுப்பட்டதும் நகத்தால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உடம்பைப் புஸ்ஸென்று தாழ்த்திக்கொண்டன. செவலை மட்டும் இரண்டு தரம் கொக்கரித்துவிட்டு அடங்கியது. தாழ்ப்பாள் போட்டேன்.

நாலு நாள் திறக்கவே இல்லை. உள்ளேயே தீனி, உள்ளேயே தண்ணீர். கத்தத்தான் செய்தன. இந்தத் தடவை நான் அபசகுனம் எதுவும் பார்க்கவில்லை. முட்டைகள் கூட்டுக்குள்ளேயே சாம்பல் பெட்டியில் விழுந்தன, யாரும் கொண்டு வந்து வைக்காமல். சின்னவள் தினமும் சாயங்காலம் வந்து ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். குழாயடிக்கும் என்னோடேயே வந்தாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கதவைத் திறந்து விட்டேன். சாயங்காலம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோழிகள் போய்விட்டால் மறுபடியும் பிடித்து அடைத்துக்கொள்ளலாம், அதுவல்ல பயம். இவ்வளவு நடந்த பிறகும் அவை அங்கேயே போய் நின்றால், எங்களுக்குள் மறுபடி ஏதாவது முளைத்துவிடுமோ என்று ஒரு பயம். சின்னவளும் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் கையில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள். விரட்டுவதற்குத் தயாராக.

வெளிச்சம் மங்கியது. செவலைப் பெட்டை தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்து கத்தரிச் செடிப் பக்கம் நடந்தது. எல்லைக் கல் வரைக்கும் போய், அதன் மேல் ஏறி, அந்தப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. அது இறகை ஒரு தரம் உதறிக்கொண்டு கீழே குதித்தது. என் பக்கமாக. குடுகுடுவென்று ஓடி வந்து பச்சைக் கூட்டுக்குள் நுழைந்து கருவேலங்கம்பில் ஏறிக்கொண்டது. மற்றவையும் ஒன்றன் பின் ஒன்றாக அதன் பின்னாலேயே.

"ஏத்தா, ஏறிருச்சு!" என்று கத்தினேன்.

"எல்லாம் ஏறிருச்சாக்கா?" என்று அவளும் அங்கிருந்து கத்தினாள். முறத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒன்பதையும் இரண்டு முறை எண்ணிப் பார்த்தோம். அன்று ராத்திரி டி.வி. வைக்கவில்லை. இரண்டு பேருமாக என் அடுப்படியில் தோசை ஊற்றித் தின்றோம். வயிறாரச் சாப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

இப்போது கறுப்பு நிறத்திலேயே நாலு குஞ்சுகள் கூட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. சின்னவள் வாங்கிக் கொடுத்தவை. அண்டா அவள் வீட்டில்தான் இருக்கிறது. தேவைப்பட்டால் போய்த் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

அந்த வீடியோவை நான் யாருக்கும் அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை. இன்றும் என் போனில் இருக்கிறது. சின்னவளுக்கு இதுவரை தெரியாது. யார் மேலாவது கோபம் தலைக்கு ஏறும்போது தனியாகப் போய் அதைப் போட்டுப் பார்ப்பேன். இருட்டில் எடுத்ததால் அவள் முகம் சரியாகத் தெரியாது. போனைப் பக்கத்தில் வைத்துப் பேசியதால் என் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும்: "கோழிக் கள்ளி வர்றா." அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு என் கைக்குள்ளேயே நின்றுவிட்டதால்தான், இன்றும் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தி என்னை "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.